எழுத்தைப் படித்த பின் தீர்ப்பிடுங்கள்: உலகச் சுவரொட்டிப் போட்டிகளின் அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களே, நடுவர்களே,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுள் மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் இதை மொழிபெயர்ப்பில்தான் படிக்கப்போகிறீர்கள். அதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒரு கணம் பாருங்கள். வளைவுகளும் சுழிகளும் புள்ளிகளும் கண்ணில் படும். எந்த வரி வாழ்த்து, எந்த வரி முறையீடு என்பது விளங்காது. ஈரானிலிருந்து வரும் ஒரு சுவரொட்டியின் முன் நீங்கள் நிற்கும் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆனாலும் அதற்கு மதிப்பெண் இடுகிறீர்கள், பரிசு வழங்குகிறீர்கள், அல்லது ஒதுக்கிவைக்கிறீர்கள்.

நான் தமிழ் எழுத்துருக்களை வடிவமைப்பவன். ஈரானியன் அல்லன், பாரசீக எழுத்தைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு மட்டும் கற்றவன். அந்நாட்டு இளைய வரைகலைஞர்களின் சார்பில் பேச எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய படைப்புகளிலிருந்து நான் கற்றுக்கொண்டது மிகுதி. அவர்கள் வேலை உங்கள் அரங்குகளில் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்தும் வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் என் சுவரொட்டி ஒன்று வெளிநாட்டுப் போட்டியொன்றில் தேர்வாயிற்று. தொகுப்பு நூல் அஞ்சலில் வந்தது. சுவரொட்டி சரியாகவே அச்சாகியிருந்தது. அதன் கீழே தலைப்பைத் தமிழில் கொடுத்திருந்த இடத்தில் கொம்பும் காலும் தத்தம் எழுத்தைவிட்டுப் பிரிந்து, வெற்று வட்டங்களைச் சுமந்துகொண்டு தனித்தனியே நின்றன. வருத்தத்தோடு பக்கங்களைப் புரட்டியபோது ஓர் ஈரானிய இளைஞரின் பெயரைக் கண்டேன். வலமிருந்து இடமாக ஓட வேண்டிய அவர் பெயர் இடமிருந்து வலமாகத் திரும்பி, ஒன்றோடொன்று கைகோக்க வேண்டிய எழுத்துகள் உதிரிகளாகக் கிடந்தன. அந்த நூலில் அவர் தம் பெயரையே படித்திருக்க முடியாது. அவருக்கு அங்கே பரிசு வழங்கப்பட்டிருந்தது எழுத்தைக் கையாண்ட திறமைக்காக.

உங்கள் மேல் எனக்குள்ள குறை இந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. ஈரானின் எழுத்தை நீங்கள் வியக்கிறீர்கள்; அது சொல்வதை நீங்கள் கேட்பதில்லை.

பாரசீகத்துக்கு 32 எழுத்துகள். அரபியின் 28 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அரபியில் இல்லாத தம் ஒலிகளுக்காகப் பாரசீகர் நான்கு எழுத்துகளைச் சேர்த்தார்கள். (காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழ் எழுதிய எங்கள் முன்னோரும் தமிழ் ஒலிகளுக்காக இதே வழியைத்தான் கண்டார்கள்.) சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடையில் ஒன்று, தனித்து நின்றால் இன்னொன்று என எழுத்து தன் இடத்துக்கேற்ப உருமாறும். ஏழு எழுத்துகள் மட்டும் தமக்கு அடுத்து வரும் எழுத்தைத் தொடா. ஆகவே ஒரு சொல்லுக்குள்ளேயே இடைவெளிகள் விழும். இதற்கு மேல் நஸ்தலீக் என்னும் வனப்பெழுத்து முறையில் ஒவ்வொரு சொல்லும் வலப்புற மேலிருந்து இடப்புறக் கீழ்நோக்கிச் சரிந்து இறங்குகிறது. ஈய அச்சு இந்தச் சரிவுக்கு ஈடுகொடுக்கத் திணறியது. எழுதியதை எழுதியபடியே அச்சிடும் கல்லச்சு 19ஆம் நூற்றாண்டு ஈரானில் அவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய வடிவமைப்பாளர் கணினியின் முன் அமரும்போது, கைக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான அந்தப் பழைய வழக்கு இன்னும் தீராமல் அவர் முன் கிடக்கிறது.

புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பல் போன்ற கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி இட்டால் 'ப' ஒலியின் மெல்லிய வடிவம் (ஆங்கில b). சொல்லின் தொடக்கத்தில் அதே கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி இட்டால் 'ய'. 'பார்' என்றால் பாரசீகத்தில் சுமை. 'யார்' என்றால் அன்புக்குரிய துணை. (தமிழ்க் காதுக்கு இரண்டும் வேறு பொருள் தருவதை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.) ஒற்றைப் புள்ளியின் தொலைவில் சுமை துணையாகிவிடுகிறது. ஒரு வடிவமைப்பாளர் இந்தச் சொல்லைப் பெரிதாக எழுதிப் புள்ளியை மட்டும் இடாமல் விட்டால், டெஹ்ரான் தெருவில் நிற்பவர் இரண்டு சொற்களுக்கும் நடுவே நின்று தவிப்பார். எந்தப் புள்ளியை வைத்துப் படிப்பது என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டும். புள்ளியில்லாத எங்கள் ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். உங்கள் நடுவர் மேசையிலோ அது ஓர் அழகிய கருங்கோடாக மட்டுமே கடந்துபோகும். அதற்குள் ஒரு எண்ணம் இருந்தது, அந்த எண்ணம்தான் வடிவமைப்பு என்பதை எடுத்துச்சொல்ல அங்கே ஆள் இல்லை.

இந்தத் தலைமுறை வெற்றிடத்திலிருந்து வந்ததன்று. 1935இல் பிறந்து 2005இல் மறைந்த மொர்தெசா மொமயெஸ், பாரிஸில் படித்துத் திரும்பி, டெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் வரைகலையைத் தனிப் பாடமாக நிலைநிறுத்தினார். வரைகலைஞர் கோபாத் ஷீவா அவருடைய காலத்தவர். 1965இல் தொடங்கிய கானூன் என்னும் சிறுவர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபர்ஷித் மெஸ்காலி, 1974இல் சிறுவர் நூல் ஓவியருக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதைப் பெற்றார். பின்னர் 1979 புரட்சி. பண்பாட்டுப் புரட்சியின் பெயரால் பல்கலைக்கழகங்கள் 1980இல் மூடப்பட்டன. ஈராக்குடனான போர் 1988வரை நீண்டது. இவ்வளவுக்கும் பிறகு 1997இல் ஈரானிய வரைகலை வடிவமைப்பாளர் சங்கம் உருவானதும், 2003இல் நெஷான் என்னும் வரைகலை இதழ் பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியதும் சிறிய செய்திகள் அல்ல. இரண்டிலும் மொமயெஸின் கை இருந்தது.

உங்கள் கண்ணை ஈரான் பக்கம் திருப்பியவர்களுள் முதன்மையானவர் 1967இல் பிறந்த ரெசா ஆபெதீனி. 2006இல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் முதன்மை விருது அவருக்கு வழங்கப்பட்டது. பழைய வனப்பெழுத்தாளர்கள் பயிற்சிக்காக ஒரே தாளில் எழுத்தின்மேல் எழுத்தாக எழுதிக்கொண்டே போய், தாள் முழுதும் கறுத்துவிடும் நிலைவரை செல்வார்கள். அதற்குச் சியா மஷ்க், அதாவது கரும்பயிற்சி, என்று பெயர். அந்த அடர்த்தியைச் சுவரொட்டிக்குள் கொண்டுவந்து, மனித உருவின் நிழலுக்குள் வரிகளை நிரப்பி, எழுத்தே உடலாகவும் உடலே எழுத்தாகவும் நிற்கும்படி செய்தார் அவர். அது அவருடைய சொந்தத் தேடலின் விளைவு. அவருக்குக் கிடைத்த பாராட்டைத் தொடர்ந்து, எழுத்து நிரம்பிய நிழலுருவங்கள் ஒரு வாய்பாடாக மாறின. ஈரானுக்குள் இருந்த மாணவர்கள் அதைப் பின்பற்றியது இயல்பு; மாணவர்கள் அப்படித்தான் கற்பார்கள். ஆனால் 'ஈரானியச் சுவரொட்டி என்றால் இப்படித்தான் இருக்கும்' என்ற எதிர்பார்ப்பு வளர்ந்ததில் உங்கள் பரிசு மேடைகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். அதிலிருந்து விலகியவர்களைக் காண நாளாயிற்று.

விலகியவர்களிடம்தான் எனக்கு வியப்பு மிகுதி. புரட்சி நடந்த ஆண்டுகளையொட்டிப் பிறந்த அந்தத் தலைமுறையில் 1980இல் பிறந்த ஹோமா தெல்வராயின் சுவரொட்டியை நீங்கள் ஒரு பார்வையில் பார்த்துவிட முடியாது. எழுத்துகளை அவர் கட்டடம் போல எழுப்புகிறார். பக்கச்சுவர், நிழல், மேல்தளம் எல்லாம் எழுத்துக்கு உண்டு. மரபான அணிவேலைப்பாடுகள் அதில் ஏறிப் படர்கின்றன. நெரிசலும் அடுக்கும் கூச்சலும் நிறைந்த டெஹ்ரானை வரைய வெற்றிடம் நிறைந்த அமைதியான பக்கம் உதவாது என்பதை அந்தச் சுவரொட்டிகள் எனக்கு உணர்த்தின. மேற்கின் பள்ளிகளில் நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்த 'குறைவே நிறைவு' என்னும் பாடத்தை அவர் மறுக்கிறார். மறுப்பதற்கு அவருக்குச் சொந்தமான காரணம் இருக்கிறது. 1979இல் பிறந்த மெஹ்தி சயீதி எழுத்தின் வளைவுகளிலிருந்தே விலங்குகளையும் பறவைகளையும் எழுப்பினார். மஷ்ஹதில் பிறந்த ஈமான் ராத் நாட்டார் கலையின் வண்ணங்களை நோக்கிச் சென்றார். ஆர்யா கசாயீ, பெய்மான் பூர்ஹொசைன் ஆகியோரின் ஸ்டூடியோ கார்காஹ் வனப்பெழுத்தின் பெருமிதத்தைச் சார்ந்திராமல், கைவரைவும் படமும் குறும்பும் கலந்த வேறொரு பேச்சைக் கண்டெடுத்தது. இவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் இன்று உங்களுக்குச் சுவரொட்டிகளை அனுப்புகிறார்கள்.

எழுத்துருவில் நடந்திருப்பது இன்னும் அடிப்படையான மாற்றம். அதைப் பற்றிப் பேசும்போது நான் சற்று நின்றுதான் போவேன், ஏனெனில் அது என் தொழில். போர்னா இஸத்பனாஹ் 2016இல் வெளியிட்ட லாலெஸார் எழுத்துரு, புரட்சிக்கு முந்தைய ஈரானின் வெகுசனத் திரைப்படச் சுவரொட்டிகளில் கையால் எழுதப்பட்ட தடித்த தலைப்புகளிலிருந்து பிறந்தது. டெஹ்ரானில் திரையரங்குகளும் நாடகக் கொட்டகைகளும் நிறைந்திருந்த தெருவின் பெயரே அதற்கு. உயர்கலையாக யாரும் மதிக்காத சுவரெழுத்தாளர்களின் கைவேலை இப்போது எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் எழுத்துருவாகிவிட்டது. சாபெர் ராஸ்திகெர்தார் உருவாக்கிய வஸீர்மத்ன் எழுத்துருவும் திறந்த உரிமத்தில் வெளியானது; பாரசீக இணையத்தில் அதைப் பார்க்காமல் ஒரு நாளைக் கழிப்பது கடினம். சுவரொட்டி ஒரு மாதம் சுவரில் இருக்கும்; ஓர் எழுத்துரு கோடிக்கணக்கான வரிகளைச் சுமந்து செல்லும். ஆனால் அணியழகு இல்லாத, படிப்பதற்கென்றே செய்யப்பட்ட இவ்வகை வேலைக்கு உங்கள் போட்டிகளில் இடம் குறைவு. எழுத்தைப் படிக்கத் தெரியாத நடுவரால் ஓர் எழுத்துருவின் வாசிப்பு எளிமையை எப்படி அளக்க முடியும்?

இவர்கள் வேலை செய்யும் சூழலை நீங்கள் ஓரளவு அறிவீர்கள். நூலுக்கும் நாடகத்துக்கும் உள்நாட்டில் அரசின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் அவற்றைச் சட்டப்படி வெளியிட முடியாது. அந்த நெருக்கடியைத் தீர்ப்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவை வேறு. ஈரானிய வங்கி அட்டைகள் நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் செல்லா. உங்கள் நுழைவுக் கட்டணம் சிறு தொகையாகவே இருந்தாலும், அதைச் செலுத்த வெளிநாட்டில் ஓர் உறவினரோ நண்பரோ வேண்டும். அப்படி யாரும் இல்லாத மாணவி போட்டிக்கு வெளியே நிற்கிறார். தொழிலுக்கு வேண்டிய மென்பொருளை முறையாக விலைகொடுத்து வாங்கவும் பொருளாதாரத் தடைகள் வழிவிடுவதில்லை. 2019 ஜூலையில், மென்பொருள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளம் ஈரானியப் பயனர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்க அரசின் உரிமம் பெற்று 2021 ஜனவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. திறந்த எழுத்துருக்களைக் கூட்டாக உருவாக்கும் வேலை பெரும்பாலும் நடப்பது அத்தகைய தளங்களில்தான். 2019 நவம்பரில் நாடு முழுவதும் இணையம் ஏறத்தாழ ஒரு வாரம் முடங்கியது. 2022இல் இன்ஸ்டாகிராம் தடுக்கப்பட்டது. உங்கள் கடைசித் தேதி அப்படியொரு வாரத்தில் விழுந்தால், ஆறு மாத உழைப்பு அனுப்பப்படாமலே கிடக்கும். தேர்வானவர்களுக்கோ பரிசளிப்பு விழாவுக்கு வர விசா கிடைப்பது அரிது.

காப்புரிமையைப் பற்றி ஒரு சொல். காப்புரிமையை நாடுகளுக்கிடையே காக்கும் பெர்ன் உடன்படிக்கையில் ஈரான் சேரவில்லை. 1970இல் இயற்றப்பட்ட ஈரானியச் சட்டம் உள்நாட்டில் முதலில் வெளியான படைப்புகளைக் காக்கிறது. எல்லை தாண்டினால் அந்தப் பாதுகாப்பு தானாக உடன்வராது. ஆகவே டெஹ்ரானில் வெளியான ஒரு சுவரொட்டியை வேறொரு நாட்டில் அஞ்சலட்டையாகவும் பையாகவும் அச்சிட்டு விற்பவர் மேல் அந்த வடிவமைப்பாளர் வழக்குத் தொடுப்பது கடினம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக நீங்கள் அவரை வேறுவிதமாக நடத்தக் கூடாது. போலந்துக்காரருக்கும் ஜப்பானியருக்கும் எந்த ஒப்பந்தமோ அதே ஒப்பந்தம் ஈரானியருக்கும் எழுத்தில் வேண்டும். மறுபதிப்புக்கு அதே கட்டணம் வேண்டும்.

2022 செப்டம்பரில் ஒழுக்கக் காவலர்களின் பிடியில் இருந்த மஹ்சா ஜினா அமீனியின் மரணத்துக்குப் பின் 'பெண், வாழ்வு, விடுதலை' என்னும் முழக்கத்தைத் தாங்கி வந்த சுவரொட்டிகளை உலகமே பார்த்தது. அவற்றுள் பல கையொப்பம் இல்லாமல் வந்தன. அந்தக் கையொப்பமின்மை ஒரு பாதுகாப்பு; அதை அவிழ்க்கும் உரிமை படைத்தவருக்கு மட்டுமே உண்டு. அத்தகைய படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும்போது, படைத்தவர் நாட்டுக்குள் இருக்கிறாரா, தம் பெயரை வெளியிட விரும்புகிறாரா என்று அவரிடமே கேட்ட பின்னர்தான் பெயரை அச்சிட வேண்டும். இதோடு இன்னொன்றையும் வேண்டுகிறேன்: அந்த ஆண்டுக்குப் பிறகு ஈரானிய இளைஞர்களிடமிருந்து எதிர்ப்புச் சுவரொட்டியை மட்டுமே எதிர்பார்க்காதீர்கள். முன்பு வனப்பெழுத்தை எதிர்பார்த்தீர்கள். இப்போது கோபத்தை எதிர்பார்த்தால் அதுவும் அவர்களை ஒரு சட்டத்துக்குள் அடைப்பதே. சிறு காட்சிக்கூடத்தின் அழைப்பிதழையும், பள்ளிப் பாடநூலின் பக்க அமைப்பையும், டெஹ்ரானின் இன்குலாப் தெருப் புத்தகக் கடைகளில் அடுக்கியிருக்கும் ஒரு கவிதை நூலின் அட்டையையும் செய்பவர் அதே இளைஞர்தான். அந்த வேலையிலும் அவர் தம் காலத்தைப் பற்றிப் பேசுகிறார்.

ஆகவே உங்கள் அடுத்த அழைப்பு அறிவிப்பை வெளியிடும் முன் சிலவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இலத்தீன் அல்லாத எழுத்தில் அமைந்த ஒவ்வொரு படைப்போடும், அதில் உள்ள சொற்கள் என்ன சொல்கின்றன, எழுத்தில் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதை விளக்கும் அரைப்பக்கக் குறிப்பைப் பெறுங்கள். நடுவர்கள் அதைப் படித்த பிறகே வாக்களிக்கட்டும். நடுவர் குழுவில் பாரசீகமோ அரபியோ படிக்கத் தெரிந்த ஒருவரேனும் இருக்கட்டும். எங்கள் எழுத்துகள் வரும் ஆண்டில் எங்கள் எழுத்தை அறிந்தவரும் இருக்கட்டும். அப்படி ஒருவரை அழைக்க இயலாவிட்டால், தேர்வுக்கு முன் மொழியறிந்த ஒருவரிடம் கருத்துக் கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும். தடைகளுக்கு உட்பட்ட நாடுகளிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணத்தை நீக்குங்கள். நீக்க முடியாத நிலையில், பரிசு பெற்றால் அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். இணையம் முடங்கிய நாட்களைக் கணக்கிட்டுக் கடைசித் தேதியை நீட்டுங்கள். அச்சுப்படியை அஞ்சலில் கேட்பவர்கள், கோப்பைப் பெற்று உங்கள் ஊரிலேயே அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப்படுவது தொகுப்பு நூல். வடிவமைப்பாளரின் பெயரையும் படைப்பின் தலைப்பையும் அவருடைய எழுத்திலேயே அச்சிடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பக்கத்தின் படத்தை அவருக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுத்துகள் சேர்ந்திருக்கின்றனவா, திசை சரியா, புள்ளிகள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்பதை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் இதற்கான வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. உரிய அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பாரசீக எழுத்து கைகோக்கும், தமிழ்க் கொம்பும் தன் இடத்துக்குத் திரும்பும். எந்த அமைப்பைத் தேர்வது என்று தெரியாத பக்க அமைப்பாளர் எவரேனும் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், எனக்கு எழுதச் சொல்லுங்கள். என் நேரத்தில், கட்டணமின்றி, பாரசீகத்துக்கும் தமிழுக்கும் சேர்த்தே செய்து காட்டுகிறேன்.

என் வீட்டு அலமாரியில் அந்தத் தொகுப்பு நூல் இன்றும் இருக்கிறது. உதிர்ந்துபோன அந்தப் பெயரைப் பென்சிலால் வலமிருந்து இடமாகச் சேர்த்து எழுதி, ஓரத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த நூலில் அந்தப் பென்சிலுக்கு வேலை இருக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

மதிப்புடன்,
ஒரு தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளன்